சாட்சி எண் முப்பத்தொன்று

கோத்தகிரியில், டானிங்டனுக்கு மேலே
வாடகை வீடு. ஐந்து பேர்.
இரண்டு மடிக்கணினி, ஒரு ஹீட்டர்;
அதுவும் உதைத்தால்தான் எரியும்.
சமவெளியில் உட்கார்ந்து எழுத விடாத அறிக்கையை
இங்கே எழுதுகிறோம்.

கணக்கு நோட்டின் முதல் வரி:
ஜீப்புக்கு டீசல், மூவாயிரத்து இருநூறு.
அன்புக்கரசு அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.
கூடச் சிரிக்க ஆளில்லை.

என் வேலை கேட்டு எழுதுவது.
ஒரு நிமிடப் பேச்சுக்கு
ஆறு நிமிடம் பிடிக்கும்.
"கொழாய் வெடிச்ச அன்னிக்கு
நடவு ஆளுங்க எல்லாம் கரையேறிட்டோம்.
செருப்பு மட்டும் சேத்துல நின்னுச்சு."
நின்னுச்சு வேண்டாம்,
கிடந்தது என்று போடுங்கள் என்றார் வக்கீல்.
போட்டேன்.
இரவு எல்லோரும் தூங்கியபின்
திரும்ப நிற்க வைத்தேன்.

எபியெரே நைஜர் கழிமுகத்துக்காரி.
அவள் ஊர் ஓரத்தில் வாயுவை எரிக்கிறார்கள்,
பிறந்த நாளிலிருந்து பார்க்கிறாள், அணைந்ததில்லை.
நள்ளிரவில் அந்த வெளிச்சத்தில்
மீன் முள் எடுத்திருக்கிறாள்,
தம்பிக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.
இங்கே வந்த முதல் ராத்திரி மின்வெட்டு,
மேலே மூடுபனி.
என் கதவைத் தட்டிக் கேட்டாள்:
"வெளியே என்ன அணைந்துவிட்டது?"
ஒன்றுமில்லை, ராத்திரி, என்றேன்.
கரண்ட் வரும்வரை
செல்போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.
விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது.

சாயங்காலம் பாத்திரம் கழுவ யோகராணி வருவாள்.
பகலில் கீழே தைலக் கொட்டகையில் வேலை.
மஸ்கெலியாவில் பிறந்த அப்பா,
மண்டபம் முகாமில் பிறந்த அக்கா,
இந்த மலையில் பிறந்த இவள்.
நாலு நாள் வாசற்படியிலேயே நின்று
நாங்கள் பேசியதைக் கேட்டாள்.
ஐந்தாம் நாள்,
"எண்ணெய் எண்ணெய்ங்கிறீங்களே,
எந்த எண்ணெய்?"

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்
வரையறை இருக்கிறது.
பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும், என்று தொடங்கும்.
சந்திரமதி மேடம் பொறுமையாகப் படித்துக் காட்டினார்.
"அப்ப எலையிலேருந்து எடுக்கறது சேராது"
என்று ஒத்துக்கொண்டு
சோப்பு நுரையிலிருந்து இடது கையை எடுத்துத் துடைத்தாள்.

மூடி தெறித்து ஆவி அடித்தது
போன ஆடியில்.
முதலாளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்,
பொய் சொல்லக் கூடாது.
நஷ்ட ஈடு என்று கேட்டபோது
ரெண்டு பாட்டில் தைலம் கொடுத்தார்.
"சளிக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

நம் வரம்புக்குள் வராதே யோகராணி, என்றார் மேடம்.
அவர் சொன்னதும் சரிதான்;
முப்பது சாட்சிகளைக் காப்பாற்றவே
நூலிழையில் நடக்கிறோம்.
எபியெரே மட்டும்
என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்று
என் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தாள்.
சொன்னேன்.
தைலம் என்ற இடத்தில்
என் ஆங்கிலமும் எண்ணெய் என்றுதான் சொன்னது.
அவள் தலையாட்டினாள்,
புதிதாக எதையும் கேட்காதவள் போல.

சமையலறையில் ரெக்கார்டரை வைத்தேன்.
பதினொரு நிமிடம்.
நடுவில் குக்கர் இரண்டு விசில்.
படிவத்தில் இடது பெருவிரல் ரேகை கேட்டிருந்தது.
மையில் அழுத்தி வைத்தாள்:
கோடே இல்லாமல்
ஒரு நீலப் பொட்டு.
"ரேஷன் கடை மெஷினும் இப்படித்தாண்ணே,
நான் நானில்லைங்குது" என்று
விரலைப் புடவையில் துடைத்தாள்.

கோப்புக்கு 31 என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புக்கரசுக்குத் தடிமன் பிடித்திருந்தது.
பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்தேன்,
கணக்கில் எழுதவும் எழுதினேன்:
நீலகிரித் தைலம், ஒரு பாட்டில், நூற்றிருபது.
ரசீது இல்லை.